மதிலைத் தாண்டும் செடிகள்: நெல்லைச் சீமையில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு

புது வீட்டுக்குக் குடிவந்து, வாசலிலும் புறவாசலிலும் கொஞ்சம் பச்சை இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் நர்சரியில் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, தண்ணி அதிகம் கேட்காம சீக்கிரம் படர்ற செடி ஏதும் இருக்கா?" என்பதுதான். கேட்பதில் தப்பே இல்லை. மாசியில் தொடங்கி ஐப்பசி மழை வரைக்கும் வெயிலோடு மல்லுக்கட்டும் ஊர் இது. நர்சரிக்காரரும் நல்ல மனதோடுதான் ஒன்றை எடுத்துத் தருவார். ஆனால் தண்ணீர் கேட்காமல், ஆடு கடிக்காமல், வெட்ட வெட்டத் துளிர்க்கிற செடிகளில் சில உங்கள் மதிலோடு நிற்பதில்லை. வாய்க்காலுக்கும் குளத்துக்கும் காட்டோரத்துக்கும் போய்விடுகின்றன. அவற்றை எப்படி அடையாளம் காண்பது, எப்படி எடுப்பது, பதிலுக்கு எதை வைப்பது என்று தோட்ட வேலைக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், எது ஊடுருவும் செடி?

வேகமாகப் பரவுகிற எல்லாச் செடியையும் ஊடுருவி என்று சொல்லிவிடக் கூடாது. பிரண்டை ஒரு கணு விழுந்தால் வேலி முழுக்க ஏறும். கோரையும் அருகும் ஒரு மழைக்கு முற்றத்தை மூடும். குப்பைமேனியும் கீழாநெல்லியும் கேட்காமலே முளைக்கும். இவையெல்லாம் நெடுங்காலமாக இந்த மண்ணில் இருப்பவை. இவற்றைத் தின்னும் பூச்சியும், இவற்றோடு போட்டி போடும் செடியும் இங்கேயே உண்டு. உங்கள் பாத்தியில் இவை களையாக இருக்கலாம், பிடுங்கிப் போடலாம். ஆனால் ஊருக்குக் கேடு இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த செடி எல்லாம் ஊடுருவியும் இல்லை. மிளகாய், தக்காளி, கொய்யா, காகிதப்பூ எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். வைத்த இடத்தில் காய்க்கின்றன, பூக்கின்றன. யாரும் பராமரிக்காவிட்டால் பெரும்பாலும் பட்டுப்போகின்றன. அவற்றால் எந்தக் குளமும் தூர்ந்ததில்லை.

மூன்று விஷயம் ஒன்றாகச் சேர வேண்டும். ஒன்று, மனிதர்கள் வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். இரண்டு, நட்ட இடத்தை விட்டு யார் உதவியும் இல்லாமல் பரவ வேண்டும். மூன்று, போன இடத்தில் நீரையோ மண்ணையோ மற்றச் செடிகளையோ ஆடுமாடுகளையோ கெடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் செடியைப் பற்றிப் பதற்றப்பட வேண்டியதில்லை.

இடத்தைப் பொறுத்து இது மாறும் என்பதையும் மனதில் வையுங்கள். நாம் வேலியில் ஏற விட்டுக் காய் பறிக்கிற கோவைக்கொடி ஹவாய்த் தீவுகளில் மரங்களை மூடிக் கொல்லும் ஊடுருவி. கூந்தன்குளத்தில் பறவைகள் கூடு கட்டும் நாட்டுக்கருவேலம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மேய்ச்சல் நிலத்தை அழிக்கும் முள்மரம். அதனால் வேறு நாட்டுக்காரர் போட்ட பட்டியலைப் பார்த்து இங்கே செடியைப் பிடுங்காதீர்கள். அதேபோல் அங்கே பாராட்டிய செடியை இங்கே கொண்டுவந்து நடவும் வேண்டாம்.

படி 1: உங்கள் வீட்டிலிருந்து எது எந்த வழியாக வெளியே போகிறது?

செடிகளைப் பார்ப்பதற்கு முன் வழிகளைப் பாருங்கள். நம் ஊரில் செடி வெளியேற மூன்று வழி. தண்ணீர், வயிறு, காற்று.

தண்ணீர்தான் பெரிய வழி. தாமிரபரணியின் குறுக்கே 8 அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளத்து மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளங்களும் ஒன்றோடொன்று இப்படிக் கோத்தவைதான். பாளையங்கால்வாய் ஓரத்துத் தெருவில் நீங்கள் ஓடையில் போட்ட ஒரு தண்டுத் துண்டு கீழே எத்தனை குளத்தைத் தொடும் என்று யோசித்துப் பாருங்கள். மழை பெய்யும்போது வெளியே போய் நின்று, உங்கள் முற்றத்துத் தண்ணீர் எந்த ஓடையில் சேர்கிறது, அந்த ஓடை எங்கே விழுகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. அந்தத் திசையில் தண்டு வேர்விடும் செடி எதையும் வைக்காதீர்கள்.

வயிறு என்றால் ஆடு, மாடு, குருவிகள். சீமைக்கருவேலம் ஊருக்குள் பரவியது பெரும்பாலும் ஆடுமாட்டு வயிற்றின் வழியாகத்தான். உண்ணிச்செடியின் (லான்டானா) கறுத்த பழத்தை மைனாவும் கொண்டைக்குருவியும் தின்று எச்சத்தில் விதைத்துவிட்டுப் போகும்.

காற்றைப் பற்றி வள்ளியூர், பணகுடி பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனி ஆடியில் மலை இடுக்கு வழியாக அடிக்கிற காற்று காற்றாலையையே சுற்றும்போது, மெல்லிய சிறகு வைத்த விதை எவ்வளவு தூரம் போகும்?

களக்காடு, பாபநாசம், மணிமுத்தாறு, அம்பாசமுத்திரம் சுற்றுவட்டாரத்தில் தோட்டம் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பக்கத்திலேயே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இருக்கிறது. 1988இல் அறிவிக்கப்பட்ட அது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். உங்கள் மதிலுக்கும் அந்தக் காட்டுக்கும் நடுவில் ஒரு குருவி பறக்கிற தூரம்தான்.

படி 2: இருப்பதை அடையாளம் காணுங்கள்

அவசரப்பட்டு வெட்டினால் நல்ல மரம் போய்விடும் என்பதால், முள்மரங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனைக்குள் ஒரு முள்மரம் நின்றால் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். சீமைக்கருவேலம் என்றால் கிளைகள் தொங்கலாக இருக்கும். பூ விரல் நீளத்தில் திரி போல வெளிர் மஞ்சளாக இருக்கும். காய் சதைப்பற்றோடு, பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும். நாட்டுக்கருவேலத்தின் பூ பளிச்சென்ற மஞ்சள் உருண்டை. காய் விதைக்கு விதை இடுக்கி, மணி கோத்த மாலை மாதிரி வெளுத்துத் தொங்கும். மூன்றாவது உடை. தெற்கத்திச் சீமைக்கே உரிய மரம். உச்சி தட்டையாகக் குடை விரித்தது போல நிற்கும், பூ வெளிறிய உருண்டை, காய் வளைந்து சுருண்டிருக்கும். எங்கள் பக்கம் எல்லா முள்ளையும் பொதுவாக உடை என்று சொல்லிவிடுகிறோம், அதனால் ஜேசிபி வந்து நிற்கும் நாளில் இந்த நல்ல மரமும் சேர்ந்து சாய்கிறது. பூவையோ காயையோ பார்க்காமல் எந்த முள்மரத்திலும் அரிவாள் வைக்காதீர்கள். பூக்காத காலமாக இருந்தால் பூக்கும் வரை பொறுங்கள்.

அடுத்தது நர்சரிகளில் வெடிலியா என்ற பெயரில் விற்கும் மஞ்சள் பூத் தரைக்கொடி. மத்திய அமெரிக்கா, கரீபியப் பகுதியிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவிகள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இது இருக்கிறது. ஆனாலும் அலுவலகத் தோட்டங்களிலும் சாலை நடுவிலும் இன்னும் நடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம். சிலர் இதையே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துக் கீரையாகவும் பறிக்கிறார்கள். இரண்டின் பூவும் ஒரே சாயல்தான், இலையைப் பாருங்கள். வெடிலியாவின் இலை தடித்து, பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டு, மடல் இல்லாமல் இருக்கும். சந்தேகம் இருந்தால் சாப்பிட வேண்டாம்.

உண்ணிச்செடியை எல்லோருக்கும் தெரியும். 1800களின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்தது. இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் புல் முளைக்க விடாமல் புதராக நிற்கிறது. நர்சரியில் தனி மஞ்சள், தனி ஊதா என்று அழகாகச் சட்டியில் வைத்திருப்பார்கள். விதையே வராத வகை என்றும் சொல்வார்கள். அப்படி விற்கிற வகைகளும் சில நேரம் விதை வைக்கின்றன. ஆடுமாடு இலையைத் தின்றால் ஈரல் கெடும்.

பார்த்தீனியம் பூந்தொட்டி மண்ணோடு வந்து சேரும். கேரட் இலை போல வெட்டுப்பட்ட இலை, சின்னச் சின்ன வெள்ளைப் பூ. முளைத்து ஒரு மாதத்திலேயே பூத்துவிடும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். தொட்டால் பலருக்குத் தோல் அரிப்பும், மகரந்தத்தால் மூச்சுத் தொல்லையும் வரும்.

நெய்வேலிக் காட்டாமணக்கு வாய்க்கால் கரைகளில் வெளிர் ஊதாப் புனல் பூவோடு நிற்பது. ஆடு கடிக்காது என்று வேலிக்கு ஒடித்து ஊன்றுகிறார்கள். ஒடித்த குச்சி எல்லாமே வேர்விடும், வெள்ளத்தில் போன குச்சியும்தான். டெகோமா என்று விற்கும் மஞ்சள் பூமரம் காற்றில் விதை அனுப்புவது. சூபாபுல் மரம் ஒரு காலத்தில் ஆட்டுத் தீவனத்துக்காக ஊக்குவிக்கப்பட்டது. நெற்று வெடித்து, சுற்றிலும் நாற்றங்கால் போட்டது போல முளைத்துக்கொண்டே இருக்கும்.

கடைசியாக அமலை. ஊதாப் பூ, காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கும், வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். மாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கிறார்கள். நல்ல வெயிலும் சாக்கடைச் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஆற்றிலும் குளத்திலும் அமலை அடைத்து நிற்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். விதை சேற்றுக்குள் 20 ஆண்டுகூடக் கெடாமல் கிடக்கும். தொட்டியோ மீன் தொட்டியோ கழுவும் தண்ணீரை ஓடையில் ஊற்றாதீர்கள். செடி வைத்த பாத்தியில் ஊற்றுங்கள்.

படி 3: எடுப்பது

மழை விட்ட இரண்டாம் மூன்றாம் நாள்தான் சரியான நாள். மண் இளகியிருக்கும், வேர் அறாமல் வரும். முழுக்கைச் சட்டை, கனத்த கையுறை, செருப்புக்குப் பதில் ஷூ. பார்த்தீனியம் என்றால் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டுவது வீண் வேலை. அடிக்கட்டையிலிருந்து பல கிளையாகத் துளிர்த்து முன்னைவிட அடர்த்தியாக வரும். துளிர்க்கும் மொட்டுகள் தரைக்குக் கீழே, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. அதனால் சுற்றிலும் தோண்டி, குறைந்தது ஒரு அடி ஆழத்துக்குக் கீழே வேரை அறுத்துக் கட்டையை வெளியே எடுக்க வேண்டும். ஆணிவேரை முழுக்கத் தேடிப் போக வேண்டாம், கழுத்துப் பகுதி போனால் போதும். முழங்கால் உயரக் கன்று என்றால் ஈரத்தில் கடப்பாரையால் நெம்பினாலே வந்துவிடும். இதெல்லாம் உங்கள் பட்டா இடத்துக்கு மட்டும். குளக்கரையிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் நிற்பதை ஊராட்சியிடமோ நீர்வளத்துறையிடமோ கேட்காமல் தொடக்கூடாது. 2022இல் தமிழ்நாடு அரசு ஊடுருவும் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டிருப்பதால், ஊராகச் சேர்ந்து மனு கொடுத்தால் பேசுவதற்கு ஒரு பிடி இருக்கிறது.

வெடிலியாவைப் புல் வெட்டும் இயந்திரத்தால் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் ஓரத்திலிருந்து கொடியைச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் வேர் இருக்கும், களைக்கொத்தால் கிளப்ப வேண்டும். ஒரே தடவையில் முடியாது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திரும்பிப் போய் முளைத்ததை எடுங்கள். புதியவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். முதல் நாள் இடம் சுத்தமாகத் தெரியும், மாதம் கழித்துப் பார்த்தால் பழையபடி பச்சை மூடியிருக்கும். மூன்று நான்கு சுற்று போனால் வேரில் சேர்ந்திருக்கும் சத்து தீர்ந்து, கொடி மெலிந்து நின்றுவிடும்.

பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்குங்கள். உப்புக் கரைசல் தெளிக்கச் சொல்வது தரிசு நிலத்துக்கு. தோட்டத்தில் தெளித்தால் மண் கெட்டு நல்ல செடியும் வராது. இலையைக் கறுப்புக் கோடு போட்ட வெளிர் நிற வண்டு தின்றுகொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். பார்த்தீனியத்தை அடக்குவதற்காக மெக்சிகோவிலிருந்து 1984இல் பெங்களூருக்குக் கொண்டுவந்த வண்டின் வம்சம் அது. இப்படிப் பூச்சியைக் கொண்டு செடியை அடக்கியது புதிதல்ல. நம் சீமையில் சப்பாத்திக்கள்ளி காடாகக் கிடந்த காலம் உண்டு. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு செதில்பூச்சி தென்னிந்தியாவில் அதைச் சில ஆண்டுகளிலேயே அடக்கியது. ஆராய்ச்சி நிலையங்கள் செய்ய வேண்டிய வேலை அது, நாமாகப் பூச்சி தேடிப் போகக் கூடாது.

படி 4: பிடுங்கியதை எங்கே போடுவது?

இதை எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பாதிக் கேடு இங்கிருந்துதான் தொடங்குகிறது. பிடுங்கிய கொடியைத் தெருமுனைக் காலி மனையிலோ வாய்க்காலிலோ போட்டால் நீங்கள் செய்தது வேலை அல்ல, நடவு.

வேர்விடும் தண்டு எதுவானாலும் மண்ணைத் தொடாமல் மொட்டை மாடியிலோ சிமெண்ட் தளத்திலோ பரப்பி, ஒடித்தால் முறிகிற அளவுக்குக் காய விடுங்கள். சித்திரை வெயிலில் ஒரு வாரம் போதும். மழைக்காலம் என்றால் கறுப்புப் பாலித்தீன் சாக்கில் கட்டி வெயில் படும் இடத்தில் வைத்து அழுக விடுங்கள். காய்ந்த பிறகு உரக்குழிக்குப் போகலாம். பூவும் விதையும் வந்த பார்த்தீனியமும், நெற்று வைத்த சூபாபுல்லும் உரக்குழிக்கு வேண்டாம், அந்தச் சாக்கிலேயே கிடந்து மட்கட்டும். அமலை நல்ல மூடாக்கு. பூக்காத செடியாகப் பார்த்துக் காயவைத்துத் தென்னைக்கு அடியில் போடலாம். சீமைக்கருவேல விறகும் கரியும் எத்தனையோ குடும்பத்துக்கு வருமானம். விறகை வீணாக்காதீர்கள், காய்களை மட்டும் ஆட்டுக்கு எட்டாமல் பொறுக்கிவிடுங்கள்.

படி 5: காலி இடத்தை உடனே நிரப்புங்கள்

வெறும் தரையை விட்டால் பழையதே திரும்பும். வெடிலியா இருந்த இடத்தில் வெயில் என்றால் பொடுதலை, ஈரமும் கொஞ்சம் நிழலும் என்றால் வல்லாரை. இரண்டும் தரையை மூடும், இரண்டும் மருந்துக்கும் ஆகும். டெகோமாவின் மஞ்சளுக்குப் பதில் ஆவாரை இருக்கிறது. செம்மண்ணிலும் கரிசலிலும் தண்ணீர் கேட்காமல் ஆண்டில் பல மாதம் பூக்கிற செடியை நர்சரியில் கேட்டு வாங்குபவர் குறைவு. இடம் இருந்தால் சரக்கொன்றை வையுங்கள்.

வேலிக்குக் காட்டாமணக்கு வேண்டாம். நொச்சியும் ஆடாதோடையும் ஆடு கடிக்காதவை, போத்து (கிளைக் குச்சி) வைத்தால் வரும். முள் வேண்டும் என்றால் கிளுவை. மருதாணியும் சேர்த்து நெருக்கமாக வைக்கலாம். பந்தலுக்கு முல்லையும் பிச்சியும் இருக்கும்போது வேறு எதற்கு? தண்ணீர்த் தொட்டிக்கு அல்லி. ஆட்டுத் தீவனத்துக்குச் சூபாபுல்லுக்குப் பதில் அகத்தி, கல்யாண முருங்கை, பூவரசு. பார்த்தீனியம் வந்துகொண்டே இருக்கும் காலி மனையில் தகரை விதையைக் கோடை மழைக்குத் தூவிவிட்டால் அது நெருங்கி முளைத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

படி 6: உள்ளே வருவதைப் பாருங்கள்

ஆட்டுப் புழுக்கை நம் தோட்டங்களுக்கு அருமையான எரு. ஆனால் சீமைக்கருவேலக் காய் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை முளைக்கத் தயாராக இருக்கும். வயிற்றுக்குள் போய் வந்ததில் கடினத் தோல் இளகியிருக்கும். வாங்கியவுடன் பாத்தியில் கொட்டாமல், தண்ணீர் தெளித்துக் குவித்து மூடி, சூடு பிடித்துத் தணியும்வரை மட்க விடுங்கள். நடுநடுவே புரட்டிக் கொடுங்கள். அப்புறமும் ஒன்றிரண்டு முளைக்கும், இரண்டு இலையில் கிள்ளிவிட்டால் முடிந்தது.

குளத்துக் கரம்பை (வண்டல் மண்) அடிப்பவர்கள் அதைத் தனியே குவித்து ஒரு மழை பார்த்துவிட்டுப் பரப்புங்கள். எது முளைக்கிறது என்று தெரிந்துவிடும். நர்சரிச் சட்டியையும் வாங்கிய அன்றே மண்ணில் வைக்க வேண்டாம், இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து, மேல்மண்ணில் பார்த்தீனியம் தலைகாட்டுகிறதா என்று பாருங்கள்.

நர்சரியில் புதுச் செடி ஒன்று பிடித்துப்போனால் மூன்று கேள்வி கேளுங்கள். தண்டு மண்ணில் பட்டாலே வேர் விடுமா? பழத்தைக் குருவி தின்னுமா, விதை காற்றில் போகுமா? உங்கள் நர்சரிக்கு வெளியே, நடாத இடத்தில் இது முளைத்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பதிலை நீங்களே தேடலாம். கடை வாசல் ஓடையையும் பக்கத்து மனையையும் ஒரு நடை போய்ப் பாருங்கள். அங்கே அந்தச் செடி தானாக நின்றால் வாங்க வேண்டாம்.

வேலை நாட்களை மழையோடு பொருத்திக்கொள்ளுங்கள். பங்குனி சித்திரையில் பிடுங்கிக் காயவைப்பது, வெயில் உங்களுக்கு உதவும். ஆடிக்காற்றுக்கு முன் டெகோமா நெற்றுகளை வெடிக்கும் முன்பே வெட்டிவிடுவது. ஐப்பசி மழை இறங்கியதும் முளைக்கிற எல்லாவற்றையும் கார்த்திகைக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்து, கையால் வருகிற பருவத்தில் எடுப்பது, அதே ஈரத்தில் நொச்சிப் போத்தும் ஆவாரைக் கன்றும் நடுவது. தை பிறந்ததும் மதிலுக்கு வெளிப்புறமும் ஒரு சுற்று வாருங்கள், ஓடை ஓரம், மின்கம்பத்தடி, காலி மனை என்று. உங்கள் வீட்டுச் செடியின் கன்று அங்கே நின்றால் அதையும் எடுத்துவிட்டு, தாய்ச்செடியை வரும் கோடைக்குள் அகற்ற நாள் குறித்துக்கொள்ளுங்கள்.